அன்றைய கவசம், இன்றைய சுமை: இயற்கைத் தேர்வும் எமது இரத்தமும்



"எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இரத்தம் குறைவு, டொக்டர். அம்மாவுக்கும் அப்பிடித்தான், எனக்கும் அப்பிடித்தான். இரும்புக் குளிசை எத்தனை மாதம் போட்டாலும் ஏறுதில்லை."

எம்மவர் மத்தியில் மருத்துவம் பார்க்கும் எவரும் இந்த வார்த்தைகளைப் பலமுறை கேட்டிருப்பார்கள். இரத்தம் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. உணவில் இரும்புச்சத்துப் போதாமை, அதிக மாதவிடாய்ப் போக்கு, குடற்புண், விற்றமின் பி12 குறைவு என்று ஒரு பட்டியலே போடலாம். ஆனால் சிலருக்கு இந்தக் காரணங்கள் எதுவும் இருப்பதில்லை. அவர்களுடைய செங்குழியங்கள் பிறப்பிலேயே சிறியவை. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த ஒரு பரம்பரையலகுதான் அதற்குக் காரணம். தலசீமியாக் காவி நிலை என்று இதனை அழைக்கிறோம்.

குறைபாடுள்ள ஒரு பரம்பரையலகு எப்படி எமது இரத்தத்தில் இத்தனை காலம் தங்கியிருந்தது? தீமையானவற்றை இயற்கை காலப்போக்கில் களைந்துவிடும் என்றுதானே பாடசாலையில் படித்தோம்? இக்கேள்விக்கான விடை சுவையானது. அதோடு, வீட்டில் கலியாண வயதில் பிள்ளைகள் இருப்போருக்கு மிகவும் பயனுள்ளது. இம்முறை அதைப்பற்றிப் பார்ப்போம்.

இயற்கைத் தேர்வு என்பது என்ன?

சார்ள்ஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து எளிமையானது. ஓர் இனத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில இயல்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகின்றன. ஓர் இயல்பு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக உயிர்தப்பி அதிக பிள்ளைகளைப் பெற்றால், அடுத்த தலைமுறையில் அந்த இயல்பு சற்றுக் கூடுதலாகக் காணப்படும். குறைவாகப் பெற்றால் அது அருகிப்போகும். இதுவே இயற்கைத் தேர்வு.

"வலியவன் வாழ்வான், மெலியவன் மடிவான்" என்று இதனைச் சுருக்கிச் சொல்வது தவறு. உடல் பலம் இங்கே பெரிய விடயமே அல்ல. ஓர் இயல்பு நன்மையா தீமையா என்பதை அந்த இயல்பை மட்டும் பார்த்துச் சொல்லவும் முடியாது. எந்த இடத்தில், எந்த நோய்களுக்கு நடுவே, எந்த உணவை உண்டு வாழ்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எமது தோலையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் கருமையான தோல் ஒரு நல்ல குடை. அதே தோல் மொன்றியலின் நீண்ட மாரிகாலத்தில், உடல் தானாக விற்றமின் டி தயாரிப்பதற்குத் தடையாக நிற்கிறது. தோல் மாறவில்லை, நாம் வாழும் இடம்தான் மாறிவிட்டது. தலசீமியாவின் கதையும் இத்தகையதே.

ஒன்று இருந்தால் காவி, இரண்டு இருந்தால் நோய்

செங்குழியத்துக்குள் இருந்து பிராணவாயுவைச் சுமப்பது ஈமோகுளோபின். அதைத் தயாரிப்பதற்கான பரம்பரையலகுகளைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். பீற்றா தலசீமியாவில், ஈமோகுளோபினின் ஒரு பகுதியைத் தயாரிக்கும் அலகு பழுதடைந்திருக்கும்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பழுதடைந்த அலகு வந்திருந்தால் அவர் காவி. செங்குழியம் சற்றுச் சிறிதாக இருக்கும். ஈமோகுளோபின் சற்றுக் குறைந்திருக்கலாம். மற்றப்படி அவர் சுகதேகி. ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம், முழு ஆயுளும் வாழலாம்.

இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு. தீவிர தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தை சில மாதங்களில் வெளிறிப்போகும், பால் குடிக்கச் சோர்வுப்படும், மண்ணீரலும் ஈரலும் வீங்கும். பிறகு வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற நாள்தோறும் மருந்து வேண்டும். முன்னர் இரவிரவாகத் தோலின்கீழ் ஊசி மூலம் மருந்தைச் செலுத்துவதே வழியாக இருந்தது. இப்போது வாயால் எடுக்கும் மருந்துகளும் உண்டு.

அமெரிக்காவின் டிட்ரோயிட் நகரில் தோமஸ் கூலி என்ற குழந்தை வைத்தியர் 1925 இல் இந்நோயை விபரித்தார். அவர் கண்ட பிள்ளைகள் இத்தாலிய, கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளைகள். கடல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே நோயின் பெயரும் வந்தது. மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது. பின்னர்தான் அது மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என நீண்டு செல்வது தெரியவந்தது. உலகப் படத்தில் இப்பகுதிகளை நிறம் தீட்டிப் பார்த்தால், வேறொரு நோயின் பழைய படமும் ஏறக்குறைய இதேபோல் இருப்பதைக் காணலாம். அந்த நோய் மலேரியா.

நுளம்பு செய்த தேர்வு

இந்தத் தொடர்பை 1949 இல் எடுத்துச் சொன்னவர் பிரித்தானிய விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன். இவர் 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, 1964 இல் புவனேசுவரத்தில் காலமானார். தலசீமியாக் காவிகளின் சிறிய செங்குழியங்கள் மலேரியாவுக்கு எதிராகப் பாதுகாப்பு அளிக்கலாம், அதனாலேயே இந்த அலகு அழியாமல் இருக்கிறது என்பது அவருடைய கருத்து.

இதற்கு ஒப்பான ஒரு சான்று 1954 இல் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கென்யாவில் வளர்ந்த அந்தனி அலிசன் என்ற மருத்துவர், அரிவாள் வடிவச் செங்குழிய நோயின் அலகைக் கொண்ட காவிகளுக்குக் கடும் மலேரியா குறைவாகவே வருகிறது என்று காட்டினார். அந்த அலகு இரண்டாக வந்தால் செங்குழியம் அரிவாள்போல் வளைந்து, குருதிக்குழாய்களை அடைத்து, தாங்கமுடியாத வலியையும் உயிராபத்தையும் தரும். ஒன்றாக இருந்தால் அது மலேரியாவுக்கு எதிரான கவசம்.

இது ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1952 இல் ஹேர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் தமிழ்நாட்டின் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே இதே அலகைக் கண்டறிந்து அறிவித்தனர். இன்று கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனை இந்நோயாளிகளைப் பராமரிக்கிறது. இந்திய அரசு 2023 யூலையில் இதற்கென ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கியது.

ஆகவே ஒரே அலகு ஒருவரைக் காக்கிறது, இன்னொருவரை வாட்டுகிறது. இதில் இயற்கை போட்ட கணக்கு எப்படிப்பட்டது? நூற்றுக்கு இரண்டு பேர் காவிகளாக உள்ள ஒரு சமூகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு அலகும் பெற்ற குழந்தைகள் எல்லோரும் இறந்தாலும், மலேரியாவிலிருந்து தப்பும் விடயத்தில் காவிகளுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற சிறு அனுகூலம் இருந்தால் போதும். அந்த அலகு கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. இழப்பும் இலாபமும் சமமாகி, தராசு அப்படியே நிற்கும்.

எமது மண்ணும் முறைக்காய்ச்சலும்

இலங்கையின் உலர்வலயத்தில் மலேரியா நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. வன்னி என்றாலே குளமும் காடும் முறைக்காய்ச்சலும் என்றுதான் எமது பாட்டன் பாட்டி சொல்வார்கள். குளிர் நடுக்கம், பிறகு கொதிக்கும் காய்ச்சல், பிறகு வியர்வை. ஒருநாள் விட்டு மீண்டும் அதே கதை. கொயினாவின் கசப்பை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் எம்மிடையே உள்ளனர்.

1934-35 இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளித்ததன் பின்னர் நோய் வேகமாகக் குறைந்து, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே கண்டறியப்பட்டது. கட்டுப்பாடு தளர்ந்ததும் 1960களின் இறுதியில் அது மீண்டும் இலட்சக்கணக்கில் பரவியது. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர்கள், மருந்துத் தட்டுப்பாட்டின் நடுவே இந்தக் காய்ச்சலால் பட்ட பாட்டை எம்மில் பலர் மறக்கவில்லை. இறுதியில் 2012 இற்குப் பின்னர் உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா எதுவும் இல்லாத நிலை ஏற்பட்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நுளம்பு கொண்டுவந்த நோய் போய்விட்டது. ஆனால் அது பல நூறு தலைமுறைகளாகத் தேர்ந்து வைத்த அலகுகள் போகவில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, இலங்கைப் பாடசாலை மாணவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் பீற்றா தலசீமியாக் காவிகள். இடத்துக்கு இடம் இந்த அளவு வேறுபடுகிறது. ஈமோகுளோபின் ஈ என்ற மற்றொரு மாற்றமும் அங்கு உண்டு. அது தனியே வந்தால் பெரும் தொல்லை இல்லை. ஆனால் பீற்றா தலசீமியா அலகோடு சேர்ந்து ஒரே பிள்ளைக்கு வந்தால் நோய் உண்டாகும். குருணாகல் வைத்தியசாலையின் தலசீமியா நிலையம் இத்தகைய பிள்ளைகளை நீண்டகாலமாகப் பராமரித்து வருகிறது.

இல்-பிசாரில் நுளம்பு உண்டு, மலேரியா இல்லை

இல்-பிசார் இயற்கைப் பூங்காவில் சதுப்பு நிலத்துக்கு மேலாகப் போகும் மரப்பாதையில் யூன் மாத மாலையில் நடந்தவர்களுக்கு இங்குள்ள நுளம்பின் கடி நன்றாகத் தெரிந்திருக்கும். மலேரியாவைக் காவக்கூடிய அனோபிலிஸ் வகை நுளம்பும் கனடாவில் உண்டு. ஒருகாலத்தில் இங்கே மலேரியாவும் இருந்தது. 1826 முதல் 1832 வரை ஒட்டாவாவுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையே ரிடோ கால்வாயை வெட்டிய தொழிலாளர்களில் பெருந்தொகையானோர் சதுப்புக் காய்ச்சல் என்ற பெயரில் மலேரியாவுக்குப் பலியாகினர். பின்னர் நிலம் வடிந்தது, மருந்து வந்தது, ஒட்டுண்ணி மறைந்தது.

ஆகவே இங்கு வாழும் எமக்கு அந்தப் பழைய கவசத்தால் பயன் ஏதுமில்லை. ஆனால் அதன் விலையை மட்டும் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு காவிகள் மணம் முடித்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரலாம். நான்கில் இரண்டு பங்கு வாய்ப்பில் காவியாகவும், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் எதுவும் இல்லாமலும் பிறக்கலாம். முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மற்றப் பிள்ளைகளுக்கு வராது என்ற கணக்கு பிழை. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகவே குலுக்கப்படுகிறது.

இயற்கையே இதைக் களைந்துவிடாதா?

மலேரியா இல்லாத நாட்டில் இந்த அலகு தானாகவே மறைந்துவிடும்தானே என்று கேட்கலாம். மறையும், ஆனால் அதற்கு எடுக்கும் காலத்தைப் பாருங்கள்.

நூற்றுக்கு இரண்டு பேர் காவிகளாக உள்ள சமூகத்தில் 10,000 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் காவியாக இருக்கும் வாய்ப்பு 50 இல் ஒன்று. மனைவிக்கும் அவ்வாறே. இருவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு 2,500 இல் ஒன்று. அதில் நான்கில் ஒரு பங்கு என்றால், 10,000 இல் ஒரு குழந்தைக்கு நோய். அதே 10,000 பேரில் சுகமாக இருக்கும் காவிகள் ஏறத்தாழ 200 பேர். நோயுற்ற ஒரு குழந்தையிடம் இருப்பவை இரண்டு அலகுகள். காவிகளிடம் மறைந்திருப்பவையோ 200. இயற்கைத் தேர்வின் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டு மட்டுமே.

இந்த வேகத்தில், மருத்துவமே இல்லாத உலகில்கூட அலகின் அளவு பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 100 தலைமுறைகள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,500 ஆண்டுகள். எனவே இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. இரத்தப் பரிசோதனைக்கோ ஒரு நாள் போதும்.

எல்லாத் தீமைக்கும் பின்னால் ஒரு நன்மை இருக்கிறதா?

அப்படி எண்ணிவிடவும் கூடாது. சில அலகுகள் வெறும் தற்செயலாலேயே ஓர் இடத்தில் பெருகிவிடும். அதற்கு எமது கியூபெக் மாகாணமே சிறந்த உதாரணம். சாகனே - லாக் சென்-ஜோன் பகுதியில் 1838 முதல் குடியேறியவர்கள் சிறு தொகையினர். பெரிய குடும்பங்களாகப் பெருகி, பெரும்பாலும் தமக்குள்ளேயே மணம் செய்தனர். அவர்களுள் ஒரு சிலர் கொண்டுவந்த அலகுகள் இன்று பலரிடம் உள்ளன. ஈரலைத் தாக்கும் தைரோசினீமியா நோயின் அலகை அங்கு ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் காவுகிறார். அது அங்கு இவ்வளவு பெருகியதற்கு இயற்கைத் தேர்வு அல்ல, சிறு கூட்டம் ஒன்று பெருகியதே காரணம். அம்மக்களுக்கு இத்தகைய நான்கு நோய்களுக்கான காவிப் பரிசோதனையை 2010 முதல் மாகாண அரசு வழங்கி வந்துள்ளது.

எமது சமூகத்தில் பரவலாகக் காணப்படும் நீரிழிவு பற்றியும் சிலர் கேட்பார்கள். பஞ்ச காலத்தில் உடலில் கொழுப்பைச் சேமிக்க உதவிய அலகுகளே இன்று நீரிழிவைத் தருகின்றன என்று 1962 இல் ஜேம்ஸ் நீல் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், அது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. "பரம்பரைதானே, என்ன செய்வது" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கோப்பைச் சோற்றை மூன்றாக்க இதனைச் சாட்டாக வைக்க வேண்டாம்!

மொன்றியல் காட்டிய வழி, கிரேக்கக் கிராமம் தந்த பாடம்

மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஸ்கிரைவர் என்ற குழந்தை வைத்திய நிபுணரை எம்மவர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1970களில் கியூபெக்கின் பாலில் விற்றமின் டி சேர்க்கப்படுவதற்குப் பாடுபட்டவர்களுள் முக்கியமானவர் அவர். 2023 இல் காலமானார்.

அவரும் அவருடைய குழுவினரும் இந்நகரின் உயர்நிலைப் பாடசாலைகளில் காவிப் பரிசோதனைகளை நடத்தினார்கள். யூத மாணவர்களுக்கு டே-சாக்ஸ் என்ற நரம்பு நோய்க்கும், பெரும்பாலும் கிரேக்க, இத்தாலியப் பின்னணி கொண்ட மாணவர்களுக்குத் தலசீமியாவுக்கும் விருப்பத்தின்பேரில் பரிசோதனை செய்யப்பட்டது. 1972 முதல் 1992 வரையான காலத்தில் 25,000 இற்கும் மேற்பட்ட மாணவர்கள் தலசீமியாவுக்காகப் பரிசோதிக்கப்பட்டனர். அவ்விருபது ஆண்டுகளில் இவ்விரு நோய்களுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகை மொன்றியலில் நூற்றுக்கு 90 முதல் 95 வரை குறைந்தது. இதற்காக யாருடைய கலியாணமும் தடுக்கப்படவில்லை. தமது நிலையை முன்கூட்டியே அறிந்திருந்தவர்கள், பிள்ளை பெறும் காலத்தில் வைத்தியரை நாடித் தாமே முடிவெடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. கிரேக்கத்தின் ஓர்கோமெனொஸ் என்ற ஊரில் அரிவாள் செங்குழிய அலகு மிகுதியாகக் காணப்பட்டது. பெற்றோர் பேசி முடிக்கும் கலியாணங்களே அங்கு வழக்கம். ஊராரைப் பரிசோதித்து, காவிகள் காவிகளை மணப்பதைத் தவிர்க்குமாறு ஆலோசனை சொன்னார்கள். நடந்தது என்ன? காவிகளை ஊர் குறைவாகப் பார்க்கத் தொடங்கியது. குடும்பங்கள் உண்மையை மறைத்தன. இரு காவிகள் சேரும் திருமணங்களும் குறையவில்லை. 1970களில் வெளிவந்த இந்த அனுபவத்தை வாசிக்கும்போது, அது எங்கோ உள்ள கிரேக்க ஊராகத் தோன்றவில்லை. எங்கள் ஊர் ஒழுங்கைகளில் ஒன்றாகவே தோன்றுகிறது.

குறிப்புப் பொருத்தமும் இரத்தப் பொருத்தமும்

எம்மிடையே பெண்பிள்ளைக்கு "ஏதோ இரத்த வருத்தமாம்" என்று ஒரு சொல் பரவினால் போதும், பேசிய கலியாணம் குழம்பிவிடும். அதற்குப் பயந்தே சில பெற்றோர் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். முடிவு வந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதில்லை. இந்தப் பயத்தை நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் விலையைச் செலுத்தப்போவது பிறக்கப்போகும் குழந்தை.

மூன்று உண்மைகளை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது, காவி நோயாளி அல்ல. மலேரியாக் காட்டிலிருந்து தப்பிவந்த முன்னோரின் அடையாளத்தை இரத்தத்தில் சுமப்பவர், அவ்வளவுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் பிள்ளைக்குத் தீவிர தலசீமியா வராது. எனவே ஒரு பக்கத்தின் முடிவை மட்டும் வைத்துக் கலியாணத்தைக் குழப்புவது அறியாமை. பரிசோதனை இருவருக்கும் உரியது, பெண்ணுக்கு மட்டும் அல்ல.

மூன்றாவது, இருவரும் காவியாக இருந்தாலும் வழிகள் உண்டு. மரபியல் ஆலோசகரைச் சந்திக்கலாம். கருவுற்ற ஆரம்ப வாரங்களில் கருவைப் பரிசோதிக்கலாம். செயற்கைக் கருத்தரிப்பின்போது நோயற்ற கருவைத் தெரிந்தெடுக்கலாம். நோயோடு பிறந்த பிள்ளைக்கும் இன்று சிகிச்சை முன்னேறியுள்ளது. பொருத்தமான உடன்பிறப்பிடமிருந்து பெறும் எலும்பு மச்சை மாற்றம் பலரைக் குணப்படுத்தியுள்ளது. பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சை 2023 இல் பிரித்தானியாவிலும் 2024 இல் கனடாவிலும் அனுமதி பெற்றது. எதைத் தெரிவுசெய்வது என்பது அந்தத் தம்பதியின் மனச்சாட்சிக்கும் நம்பிக்கைக்கும் உரியது. மருத்துவரோ உறவினரோ அதில் கட்டளையிட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மச்சான் மச்சாள் கலியாணத்தில், ஒருவர் காவியாக இருந்தால் மற்றவரும் அதே அலகைக் காவும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அந்நியத்தில் செய்தால் அது 50 இல் ஒன்று மட்டுமே. சொந்தத்தில் முடிப்போர் கட்டாயம் பரிசோதிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியம். "தகுதியற்றோர் பிள்ளை பெறக்கூடாது" என்று அரசே முடிவெடுத்த காலம் இந்நாட்டிலும் இருந்தது. அல்பேர்ட்டா மாகாணத்தில் 1928 முதல் 1972 வரை நடைமுறையில் இருந்த சட்டத்தின்கீழ் 2,800 இற்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். இயற்கைத் தேர்வைப் பிழையாக விளங்கிக்கொண்டதன் விளைவு அது. நாம் சொல்லும் பரிசோதனையின் நோக்கம் மனிதர்களைத் தரம் பிரிப்பது அல்ல. தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமையைத் தம்பதியின் கையில் கொடுப்பதே அதன் நோக்கம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. அதில் எம்.சி.வி. என்ற எண் செங்குழியத்தின் பருமனைக் காட்டும். அது குறைந்திருந்தால் இரும்புக் குறைவா, தலசீமியாக் காவி நிலையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

• இரும்புக் குளிசையைத் தொடர்வதற்குமுன் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள். இரும்பு போதியளவு உள்ள காவிக்கு மேலும் இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை, காலப்போக்கில் கெடுதியும் உண்டு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே நீங்களாகவே குளிசையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

• காவி நிலையை உறுதிசெய்ய ஈமோகுளோபின் இலெக்ட்ரோபொரேசிஸ் என்ற பரிசோதனை உண்டு. கலியாணத்துக்கு முன்னரோ, குறைந்தபட்சம் கருத்தரிக்க முன்னரோ செய்வது சிறந்தது. கர்ப்பிணியானால் முதல் வருகையிலேயே கேளுங்கள்.

• ஒருவர் காவி எனத் தெரிந்தால் சகோதரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். முடிவின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

• குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 ஐ அழைத்து வழி கேட்கலாம். அகதி விண்ணப்பம் செய்து காத்திருப்போர், கூட்டரசின் இடைக்கால சுகாதாரத் திட்டப் பத்திரத்தைக் காட்டி வைத்தியரைப் பார்க்கலாம்.

கேள்வி - பதில்

கே: பிறந்தவுடன் குழந்தையின் குதிக்காலில் இரத்தம் எடுத்தார்களே, அதில் தெரியாதா?

ப: அரிவாள் செங்குழிய நோய்க்கான சோதனை 2013 இல் மொன்றியல், லாவால் பகுதிகளில் தொடங்கிப் பின்னர் மாகாணம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. ஆனால் தலசீமியாக் காவி நிலையை அறிவதற்கு அதை நம்பியிருக்க முடியாது. வேறாகச் செய்ய வேண்டும்.

கே: நான் காவி. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போகும்போது மலேரியா மருந்து தேவையில்லையா?

ப: கட்டாயம் தேவை. காவி நிலை ஒரு சமூகத்தில் கடும் மலேரியாவால் இறப்போரின் தொகையைக் குறைக்கும். தனி ஒருவருக்கு அது உத்தரவாதம் அல்ல. இன்றைய இலங்கையில் மலேரியா இல்லாவிட்டாலும் டெங்கு உண்டு. நுளம்புக் கடியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கே: பூச்சி உருண்டை, சில மருந்துகள் கூடாது என்று எங்கள் மகனுக்குச் சொன்னார்கள். அதுவும் இதுதானா?

ப: அது ஜி6பிடி என்ற நொதியத்தின் குறைபாடாக இருக்கலாம். அதுவும் மலேரியா விட்டுச்சென்ற மற்றொரு கவசமே. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பாதிக்கும். நப்தலீன் உருண்டை, ஃபாவா பீன்ஸ், சில மலேரியா மருந்துகள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை செங்குழியங்களை உடைக்கக்கூடும். ஒவ்வொரு வைத்தியரிடமும் மருந்தகத்திலும் மறக்காமல் சொல்லுங்கள்.

கலியாணம் பேசும்போது ஊர், குலம், படிப்பு, குறிப்பு என்று எத்தனையோ விசாரிக்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரு சிறு இரத்தப் பரிசோதனையையும் இரு வீட்டாரும் வெட்கமின்றிச் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகள் தாங்களே துணையைத் தேடிக்கொண்டாலும் இதைச் சொல்லிவைப்போம்.

இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் உடல்நிலை பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியருடன் கலந்து பேசியே எடுங்கள். சந்தேகங்கள் இருந்தால் சங்கத்தின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் குறிப்பிடாமலே அடுத்த இதழில் பதில் தருவோம்.